கஜுப்பழச் சலாது

கல்முனைக் கடைத்தெருவில் சோற்றுக்கும் ஆணத்துக்கும் பஞ்சமில்லை. நின்ற இடத்திலிருந்து கல்லெறிந்தால் ஏதாவதொரு ஹோட்டல் கூரையில் விழும். நான் அந்த ஹோட்டல்களில் எல்லாம் ஒவ்வொரு மாதம் சாப்பிட்டுப் பார்த்தவன். ஒலுவிலிலிருந்து வந்து, காணி அளக்கிற கந்தோரில் வேலைக்குச் சேர்ந்து, அறை எடுத்துத் தங்கியிருந்த காலம் அது. எண்பத்தோராம் ஆண்டு. எனக்கு இருபத்திரண்டு வயது. எதிலும் பத்து நிமிடத்துக்கு மேல் குந்த முடியாது. படத்துக்குப் போனால் இடைவேளையில் எழும்பி வந்துவிடுவேன். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் ஒன்றரை மணி நேரம் அசையாமல் இருந்தேன். அது முனவ்வறா ராத்தாவின் சலாதுக் கடை.

கடை என்றால் பலகையில் பேர் எழுதிய கடை அல்ல. கடற்கரைப் பக்கம் போகிற ஒழுங்கையில் ஒரு வீடு. அந்த வீட்டின் முன் ஹோலில் நான்கு மேசை. உள்வீட்டு வாசலில் பச்சைத் திரை. திரைக்கு அங்கால் ராத்தா சமைப்பார். இங்கால் அவருடைய புருசன் முகம்மது தம்பி காக்கா பரிமாறுவார். எங்கள் பக்கத்தில் அக்காவை ராத்தா என்போம், அண்ணனைக் காக்கா என்போம். சோறும் ஓர் இறைச்சிக் கறியும் எல்லாக் கடையிலும் போலத்தான். சலாதுதான் விசயம். மற்றக் கடைகளில் சலாது என்று கேட்டால் வெங்காயத்தையும் தக்காளியையும் வெட்டித் தேசிக்காய் பிழிந்து தருவார்கள். இங்கே பப்பாசிக்காயை நூலாகச் சீவி, பொரித்த கூனி தூவி வரும். கூனி என்றால் எங்கள் பக்கத்து வாவிகளில் பிடிக்கிற பொடி இறால். வெள்ளரிப்பிஞ்சைத் தேங்காய்ப்பாலில் ஊறப்போட்டு, அரைத்த கடுகு சேர்த்து வரும். வல்லாரைக்குள் தோடம்பழச் சுளை ஒளிந்திருக்கும். அன்னாசியும் மிளகும் மாசிக் கருவாடும் ஒரே பீங்கானில் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும். முதல்நாள் எனக்குப் பைத்தியமே பிடித்தது. அன்று பின்னேரமும் போனேன். மறுநாளும் போனேன். பிறகு வேறு கடை மிதிக்கவில்லை.

"டேய் ஒலுவிலான், உனக்கு வேற வேல இல்லையா? இன்னும் அசருக்கே பாங்கு சொல்லல்ல, வந்து குந்திரிக்காய்," என்பார் முகம்மது தம்பி காக்கா.

"மணம் கூப்பிடுது காக்கா. நான் என்ன செய்ய?"

"மணத்த மோந்துபோட்டுப் போ. அதுக்குக் காசில்ல."

நோன்பு மாதம் வந்ததும் பகலில் கடை மூடிவிட்டது. பின்னேரம் மட்டும், நோன்பு திறக்க வீடில்லாத எங்களைப் போன்ற வெளியூர்க்காரருக்காகத் திறந்தது. அப்போதுதான் ராத்தாவுக்கு ஒரு தொல்லை. நோன்போடு உப்புப் பார்ப்பது எப்படி? நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லியிருந்தார். ராத்தாவுக்கு அதில் மனம் வரவில்லை. சாதாரண கறி என்றால் கைப்பழக்கத்தில் உப்புப் போடலாம். நாளுக்கொரு புதுச் சலாதுக்குக் கைக்கு என்ன பழக்கம் இருக்கும்?

அதற்குச் சீதேவி அக்கா இருந்தார். பாண்டிருப்பிலிருந்து தலையில் கீரைக் கடகத்தோடு வருகிற தமிழ் மனுசி. ராத்தாவுக்கு வல்லாரையும் பொன்னாங்காணியும் அவர்தான் கொடுப்பார். நோன்பு முதல்நாளே, "நான் நாக்கில வெச்சுச் சொல்றன் கா, நீ ஏன் அந்தரப்படுகிறாய்?" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்குக் குசினிப் பக்கத்தால் வருவார். ராத்தா உப்பும் புளியும் போடாமல் எல்லாவற்றையும் வட்டிலில் கலந்து வைத்திருப்பார். சீதேவி அக்கா ஒவ்வொன்றாக வாயில் போட்டுச் சொல்லச் சொல்ல ராத்தா போடுவார். நான் ஹோலில் காய்ந்த தொண்டையோடு இருந்து திரைக்கு அங்கால் நடக்கும் அந்தக் கதையைக் கேட்பேன். வானொலியைவிட அது எனக்கு ருசி.

"இதுல?"

"தேசிக்காய் காணா."

"இதுல?"

"உப்பு ஒரு கிள்ளு. கிள்ளு எண்டா கிள்ளு, உன்ட கைப்பிடி இல்ல."

"இதுல?"

"இத தொடாத கா. இப்பிடியே உடு. உங்கட பாங்கு சொல்றத்துக்கு முன்ன நானே முடிச்சிப்போடுவன் போல இரிக்கி."

நோன்பு முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கடைக்கு ஓர் ஆபத்து வந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குச் சொந்தம். ஒவ்வொரு மகளுக்கும் ஒவ்வொரு வீடு கட்டுவது வாப்பாவின் கடமை. ராத்தாவின் வாப்பா முதல் வீட்டைக் கட்டிவிட்டு, இளைய மகள் சுல்பிகாவுக்கு வீடு கட்டுமுன் மௌத்தாகிவிட்டார். அதனால் சுல்பிகாவுக்குச் சம்பந்தம் வந்தபோது ராத்தா, "இந்த வீடு தங்கச்சிக்குப் போகட்டும், நாங்க வளவுக்குப் பின்னால ஒரு குடில் போட்டுக்கிட்டு இரிக்கிறம்," என்று தானாகவே சொல்லிவிட்டார். கேட்டது ஒன்றே ஒன்று. முன் ஹோல் கடையாகவே இருக்கட்டும். பின்வளவுக்குள் கடை வைத்தால் எவன் தேடி வருவான்?

மாப்பிள்ளையின் வாப்பா அட்டாளைச்சேனை ஸமட் போடியார். முப்பது ஏக்கர் வயல்காரர். அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை என்று தூது வந்த ஆள் சொன்னார். வெள்ளிக்கிழமை தானே நேரில் வந்து வீட்டைப் பார்த்து முடிவு சொல்வதாகவும் சொன்னாராம். முகம்மது தம்பி காக்கா உடனே, "அப்ப எங்களோட நோன்பு திறக்கச் சொல்லுங்க," என்று சொல்லியனுப்பிவிட்டார்.

"திண்டு பாக்கட்டும்," என்றார் என்னிடம். "உன்ட ராத்தாட கைய ஒருக்காத் திண்டா, கடைய எடுக்கச் சொல்ல அந்த மனிசனுக்கு வாய் வராது."

வெள்ளிக்கிழமை கந்தோரில் நான் வேலையே பார்க்கவில்லை. நாலு மணிக்கே கடைக்கு ஓடிவிட்டேன். ராத்தா போடியாருக்கென்று ஒரு புதுச் சலாது செய்துகொண்டிருந்தார். கஜுப்பழம். முந்திரிக்கொட்டை நுனியில் தொங்குமே, அந்தப் பழம். பருவம் முடிகிற கடைசிப் பழங்களைக் காக்கா சம்மாந்துறைப் பக்கம் போய்த் தேடிக் கொண்டுவந்திருந்தார். அதை அப்படியே தின்றால் தொண்டை கரகரக்கும். காலையிலேயே மெல்லிசாகச் சீவி உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டார் ராத்தா. அதோடு பொரித்த கூனி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இரண்டு கைப்பிடி தேங்காய்ப்பூ.

ஐந்து மணிக்குச் சீதேவி அக்கா வந்தார். சத்தம் கேட்டது. நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இதுல?"

"தேசிக்காய் ஒண்டு புழி."

"இதுல?"

"காணும் கா, காணும்."

"இதுதான் கா அவகளுக்கு. கஜுப்பழம். இதுல?"

வட்டிலைக் கரண்டியால் கிண்டிப் பார்க்கிற சத்தம் மட்டும் வந்தது.

"பெரிய வட்டில்தானே, உப்பு ரெண்டு கரண்டி போடு. நல்லாரிக்கும். நான் வாறன் கா, வீட்டுல வேல கெடக்கு."

போய்விட்டார். கீரைக்குக் காசுகூட வாங்கவில்லை.

அன்று ஆடி அமாவாசை. எங்கள் யாருக்கும் அது நினைவில்லை. செத்துப்போன தகப்பனுக்காகச் சீதேவி அக்கா விரதம். கூனியும் மாசியும் கலந்த எதையும் அன்றைக்கு அவர் நாக்கில் வைக்கக்கூடாது. சொல்லியிருக்கலாம். ஆனால் ராத்தா அந்தரப்பட்டு நிற்கிற நேரத்தில் எப்படி மாட்டேன் என்பது என்று யோசித்து, கண்ணால் பார்த்தே உப்புச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மற்ற வட்டில்களில் அது தப்பிவிட்டது. கஜுப்பழம் காலையிலிருந்து உப்புத் தண்ணீரில் கிடந்தது என்று அவருக்குத் தெரியாது. ராத்தா அவர் சொன்னபடியே இரண்டு கரண்டி போட்டார்.

ஆறு மணிக்கு ஒரு பழைய கார் வந்து ஒழுங்கையில் நின்றது. ஸமட் போடியார் இறங்கினார். ஒல்லியான மனிசன், கதை குறைவு. கூட அவருடைய மச்சான் மீராசாஹிபு. இவர் உருண்டை, கதை கூட. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் பள்ளிவாசல் கஞ்சியும் எடுத்தோம். பள்ளிக்குப் போய் மஃரிப் தொழுதுவிட்டுத் திரும்பி வந்தோம். காக்கா மேசைகளை ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் பாய் விரித்து, பெரிய சஹனைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாரும் சுற்றியிருந்து ஒன்றாய்ச் சாப்பிடுகிற அகன்ற தட்டு.

"ரெண்டு பேருக்குச் சஹன் வெக்கிற வடிவில்ல. நீயும் குந்துடா," என்று என்னைப் பிடித்து இருத்தினார்.

நடுவில் நெய்ச்சோறு. ஒரு பக்கம் இறைச்சி. சுற்றிவர நான்கு சலாது. போடியாருக்கு நேரே, மஞ்சளும் சிவப்புமாய்க் கோபுரம் போலக் கஜுப்பழச் சலாது.

"பிஸ்மில்லாஹ்," என்று போடியார் அந்தக் கோபுரத்திலேயே கை வைத்தார். மீராசாஹிபு வைத்தார். நானும் வைத்தேன்.

யா அல்லாஹ். கடலில் முங்கும்போது மூக்கால் ஏறுகிற தண்ணீர் தெரியுமா? அது வாய்க்குள் ஏறினது போல இருந்தது. கண்ணில் நீர் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மீராசாஹிபு மெல்லுவதை நிறுத்திவிட்டு மச்சானைப் பார்த்தார். போடியார் மெதுவாக மென்றார், விழுங்கினார். மறுபடியும் அதிலேயே கை வைத்தார்.

எனக்கு விளங்கிவிட்டது. சாப்பாட்டில் குறை சொல்லாத மனிசன். எங்கள் வாப்பாவும் அப்படித்தான். பிடித்தால் தின்பார், பிடிக்காவிட்டால் வாய் திறக்கமாட்டார். நபிவழி அது. ஒரே சஹனில் இருந்துகொண்டு, அவர் பொறுத்துத் தின்பதை நான் எப்படி உப்பு என்று சொல்லுவது? சொன்னால் அவருக்கும் வெட்கம், ராத்தாவுக்கும் வெட்கம். நானும் தின்றேன்.

"தம்பி எந்த ஊரு?" என்றார் போடியார்.

"ஒலுவில்."

"ஒலுவில்ல கிணத்துத் தண்ணியெல்லாம் உவர்தானே?" என்றார் மீராசாஹிபு.

போடியார் அவரை ஒரு பார்வை பார்த்தார். மீராசாஹிபு தண்ணீர்க் கிளாஸுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அது அவருடைய நாலாவது கிளாஸ்.

கோபுரம் இறங்கிக்கொண்டு வருவதைப் பார்த்த காக்காவுக்கு முகமெல்லாம் பல். உள்ளே ஓடிப்போய் வட்டிலோடு வந்தார்.

"இது உங்களுக்கெண்டே செய்த மாமா. வெக்கப்படாம எடுங்க."

"காக்கா," என்றேன். "உப்பு..."

"உப்பு வேணுமா? பொறு." உப்புச் சாடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மீராசாஹிபுவுக்குப் புரைக்கேறியது.

"போடுங்க மருமகன்," என்றார் போடியார். காக்கா மறுபடியும் கோபுரம் கட்டினார். போடியார் அதையும் தின்றார். ஒரு சீவல் மிச்சம் வைக்கவில்லை. சஹனின் தன் பக்கத்தை விரலால் வழித்து எடுத்தார். எனக்கு அந்த மனிசனில் ஒரு பயமே வந்துவிட்டது.

கை கழுவித் துடைத்துக்கொண்டு போடியார் சொன்னார்:

"அல்ஹம்துலில்லாஹ். நல்லாச் சாப்பிட்டம். இனி கதைக்கிற கதையக் கதைப்பம். வீடு நல்ல வீடு. ஆனா மகன் வாத்தியார் வேல பாக்கிறவன். அவன் வீட்டுக்குள்ள போறதெண்டா நாலு மேசைக்குள்ளால போகணும். வாற போற ஆம்புளைகளுக்கு முன்னால புதுப் பொண்ணு எப்பிடிப் பொழங்கிற? கோவிக்காதீங்க. கடைய எடுத்துத் தாங்க."

காக்கா வட்டிலைப் பிடித்தபடி நின்றார். நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் திரைக்கு அங்காலிருந்து ஒரு சத்தம். "அல்லாஹ்!" பிறகு பீங்கான் ஒன்றைத் தரையில் வைத்த சத்தம். ராத்தா அப்போதுதான் சாப்பிடக் குந்தியிருக்கிறார்.

"மாமா," என்றது ராத்தாவின் குரல். "அந்தக் கஜுப்பழம் எப்பிடி இரிந்திச்சி?"

"நல்லாரிந்திச்சி மகள்."

"ரெண்டு தரம் எடுத்தீங்களாமே?"

"ஓம்."

"நான் இப்பதான் நாக்கில வெச்சன். கடலக் கலக்கி ஊத்தின மாதிரி இரிக்கி. எப்பிடித் திண்டீங்க? ஏன் ஒரு வார்த்த சொல்லல்ல?"

மீராசாஹிபுவால் அதற்கு மேல் முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போடியார் சிரிக்கவில்லை. தாடியைத் தடவினார்.

"சாப்பாட்டுல குறை சொல்லிப் பழக்கமில்ல மகள்."

ராத்தா எழும்பித் திரைக்குக் கிட்ட வந்தது தெரிந்தது. பிறகு சொன்னார்.

"அப்ப கேளுங்க மாமா. இப்பிடிப் பொறுமையான ஒரு வாப்பாட மகன் எங்கட தங்கச்சிக்குக் கெடைக்கிறதெண்டா, நான் கடைய எடுக்கிறன். பெருநாள் முடிஞ்ச கையோட எடுக்கிறன். சுல்பிகா சந்தோசமா இரிந்தாக் காணும்."

காக்கா திரையைத் திரும்பிப் பார்த்தார். கடை போய்விட்டது. அவ்வளவுதான்.

போடியார் எழும்பவில்லை. காரின் சாரதி ஒழுங்கையில் ஹோன் அடித்தான். அப்போதும் எழும்பவில்லை.

"மகள்," என்றார் கடைசியில். "நான் இன்னும் உங்கட கடையில சாப்பிடல்ல. இண்டைக்கு நான் திண்டது உப்பு. ருசி பாக்காம ஒரு ஆள்ர கடைய எடுக்கச் சொல்றது ஞாயமில்ல. நாளைக்கும் வாறன். திண்டுபோட்டுச் சொல்றன்."

சனிக்கிழமை எனக்கு லீவு. மூன்று மணிக்கே போய்விட்டேன். காக்கா ஏசவுமில்லை. சீதேவி அக்கா நாலு மணிக்கே வந்தார். முகம் வாடியிருந்தது.

"முனவ்வறா, நேத்து நான் ஒண்டையும் நாக்கில வைக்கல்ல கா. அப்பாட விரதம். உன்னப் பாத்துச் சொல்ல வாய் வரல்ல. ராவெல்லாம் எனக்கு நித்திர இல்ல."

"அடி பாவி! சொல்லியிரிந்தா நான் அந்தக் கஜுப்பழத்துக்குக் கரண்டியே தொட்டிரிக்க மாட்டனே!"

"ஏசு கா, ஏசு. ஏசிப்போட்டு வட்டிலக் கொண்டு வா. இண்டைக்கு வயிறு முட்டத் திண்டு பாத்துத்தான் சொல்லுவன்."

ராத்தா சிரித்துவிட்டார். அன்று அந்தக் குசினிக்குள் "இதுல?" என்ற கேள்வி எத்தனை தரம் கேட்டதென்று எனக்குக் கணக்கில்லை.

நோன்பு திறந்த பிறகு போடியார் தனியே வந்தார். சஹன் வேண்டாம், கடைக்கு வருகிறவனுக்கு வைக்கிற மாதிரி மேசையில் வையுங்கள் என்றார். ராத்தா கஜுப்பழத்தையே மறுபடி செய்திருந்தார். நான் பக்கத்து மேசையில். அதே பீங்கான் எனக்கும் வந்தது. முதலில் இனிப்பு. பிறகு கூனியின் மொறுமொறுப்பு. மிளகாய் கொஞ்சம் பிந்தி எட்டிப் பார்த்தது. உப்பு இருந்த இடமே தெரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்து பார்த்தபோது போடியார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பீங்கானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மருமகன்," என்றார்.

"ஓம் மாமா?" என்றார் காக்கா.

"இன்னும் இரிக்கா?"

காக்கா வட்டிலோடு பறந்து வந்தார். போடியார் தானே கரண்டியைப் பிடித்து எடுத்துப் போட்டுக்கொண்டார். தின்று முடித்துக் கை கழுவிவிட்டு வந்து சொன்னார்:

"கடை இரிக்கத்தான் வேணும். இத எடுக்கச் சொன்னா எனக்குப் பாவம் புடிக்கும். ஆனா நான் சொன்ன விசயமும் விசயம்தானே? மகன் எதால உள்ளுக்குப் போற?"

திரைக்குப் பின்னால் குசுகுசுப்பு. ராத்தாவுடைய உம்மாவின் குரல் "சும்மா இரிடி" என்றது. பிறகு நான் அதுவரை கேட்டிராத ஓர் இளம் குரல், உம்மாவுக்குச் சொல்கிற மாதிரி, ஆனால் ஹோல் முழுக்கக் கேட்கும்படி சொன்னது:

"வடக்குப் பக்கச் செவர ஒடச்சி ஒரு வாசல் எடுப்பம் உம்மா. வாறவரு அதால வரட்டும். இந்த ஹோலுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு பலகத் தட்டி அடிச்சாச் சரி. ஒரு மேச கொறையும். ராத்தா எங்கயும் போகத் தேவல்ல."

"யாரு கதைக்கிற?" என்றார் போடியார்.

காக்கா தலையைச் சொறிந்தார். "வீட்டுக்காரி மாமா."

போடியார் அன்றுதான் சிரித்தார். "அப்ப வீட்டுக்காரி சொன்ன மாதிரிச் செய்ங்க. எனக்கென்ன, நான் இஞ்ச இரிக்கப் போறவனா?"

பெருநாள் கழித்து ஒரு மாதத்தில் கலியாணம் நடந்தது. வடக்குச் சுவரில் வாசல் வந்தது. ஹோலைப் பலகைத் தட்டி பிரித்தது. நான்கு மேசை மூன்றானதால் நான் இன்னும் நேரத்தோடே போகவேண்டியதாயிற்று.

புதுமாப்பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில் நாற்பது நாளும் விருந்துதான். காலையில் முட்டையும் ரொட்டியும், பகல் கோழி, இரவு இறைச்சி. பக்கத்தில் யாரும் குந்தமாட்டார்கள்; வைத்துவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்று, தின்கிறாரா என்று பார்ப்பார்கள். பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, நான் பப்பாசிக்காய்ச் சலாதில் முங்கியிருந்தபோது, மாப்பிள்ளை வாத்தியார் வடக்கு வாசலால் இறங்கி, வளவைச் சுற்றி, ஒழுங்கையால் வந்து, கடை வாசலுக்குள் நுழைந்தார். வெள்ளைச் சாரன், அத்தர் மணம். என் மேசைக்கு முன்னால் வந்து குந்திக்கொண்டார்.

"மச்சான்," என்றார் காக்காவைப் பார்த்து, தாழ்ந்த குரலில். "கோழி தொண்டையால இறங்குதில்ல. அந்தத் தம்பி திங்கிறதுல ஒரு பங்கு தாங்க. உள்ளுக்குச் சொல்லிப்போடாதீங்க."

பலகைத் தட்டிக்கு அங்காலிருந்து சுல்பிகாவின் குரல் வந்தது.

"கூனி கூடப் போட்டுக் குடுங்க மச்சான்."